டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய நாட்கள்: வலிமருந்துப் பழக்கமும் காப்பீட்டுத் திட்டங்களும்

கடலூர் மாவட்டத்தில் ஒருவரின் ஆஸ்பத்திரிச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது அவர் எந்த வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. தேவனாம்பட்டினத்து மீனவர் குடும்பத்திடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கும். சிப்காட் தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ. நெய்வேலி என்எல்சி ஊழியருக்கு நிறுவனத்தின் சொந்த மருத்துவமனை. சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியர்களுக்கான தனிக் காப்பீடு. இவை போக, தனியார் நிறுவனங்களிடம் சொந்தக் காசில் பாலிசி எடுத்தவர்களும் உண்டு. இத்தனை வழிகளில் பணம் வந்தாலும், அபின் வகை (ஓபியாய்டு) வலிமருந்துக்குப் பழகிப்போன ஒருவருக்கு இந்த அட்டைகளில் பெரும்பாலானவை கைகொடுப்பதில்லை. காப்பீடு பணம் தருவது நோயாளி படுக்கையில் இருக்கும் நாட்களுக்கு. இந்தப் பழக்கம் வேர்விடுவதும், மோசமாவதும், சரியான கவனிப்பு இருந்தால் அடங்குவதும் வீட்டுக்குப் போன பிறகு. திட்டத்தை வடிவமைப்பவர்களும் மாவட்ட அளவில் அதை நடத்துபவர்களும் இந்த இடைவெளியை எப்படி அடைக்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

பழக்கம் தொடங்கும் இடத்திலிருந்து பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலையில் இருசக்கர வாகனத்தில் விழுந்து கால் எலும்பு முறிந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு தருகிறார்கள். அதில் ஆன்டிபயாட்டிக், வயிற்றுப் புண்ணுக்கு ஒரு மாத்திரை, அதற்குக் கீழே அபின் வகை வலிமருந்தான ‘டிராமடால் 50 மி.கி., 1-0-1, 5 நாள்’. ஐந்து நாளில் எலும்பு வலி போய்விடாது. ஆறாம் நாள் அதே சீட்டை எடுத்துக்கொண்டு யாராவது மெடிக்கல் கடைக்குப் போகிறார்கள். அட்டையிலிருந்து பத்து மாத்திரை வெட்டிக் கொடுக்கப்படுகிறது. பில் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. மூன்றாவது மாதம் கால் கூடிவிடுகிறது, மாத்திரை மட்டும் நிற்கவில்லை. நிறுத்திப் பார்த்தால் உடம்பு முறுக்குகிறது, தூக்கம் வரவில்லை, மூக்கு ஒழுகுகிறது, வயிறு கலங்குகிறது. இது மருந்து விட்டதால் வரும் தொல்லை என்று சொல்ல ஆள் இல்லாததால், பழைய வலி திரும்பிவிட்டது என்று அவரே முடிவுகட்டி மறுபடி போட்டுக்கொள்கிறார். காப்பீட்டின் கணினியில் இவருடைய கோப்பு டிஸ்சார்ஜ் ஆன அன்றே ‘செட்டில்’ ஆகி மூடப்பட்டிருக்கும்.

கடையில் கட்டுப்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணைப்படி டிராமடால், பென்டாசோசின் போன்றவற்றை விற்கும்போது எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வந்தது. டிராமடாலுக்குப் போட்ட அந்தக் கடிவாளம், 2011 முதல் இந்தியச் சந்தையில் இருக்கும் டேபென்டடாலுக்கு அப்போது போடப்படவில்லை. தமிழகத்தில் ‘போதை மாத்திரை’ என்ற பெயரில் பிடிபடுபவற்றில் இப்போது இந்த மருந்து அடிக்கடி அடிபடுகிறது; இளைஞர்கள் அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரு மருந்தை மட்டும் இறுக்கினால் தேவை அடுத்த மருந்துக்கு நகரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் காவல்துறையும் தங்கள் வேலையைச் செய்யட்டும். காப்பீட்டின் வேலை வேறு. யாருக்கு எந்த மருத்துவமனையில் என்ன சிகிச்சை நடந்தது, என்ன எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள் என்பதைக் கடைக்கு முன்பே அறியும் வாய்ப்பு அதற்கு மட்டும் இருக்கிறது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, இது பஞ்சாபின் பிரச்சினை, நம்முடையது சாராயப் பிரச்சினை என்பது. பாதி உண்மை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, ஓபியாய்டு பாதிப்பு அதிகமுள்ள மாநிலங்களாகப் பெயர் சொன்னவற்றில் தமிழ்நாடு இல்லை. பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மெத்தனால் கலந்த சாராயம்தான். ஆனால் அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு எண் உண்டு. நாட்டில் சுமார் 2.1 சதவீதம் பேர் ஏதோ ஒரு ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள், ஹெராயின் 1.14 சதவீதம், அபின் 0.52 சதவீதம் என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓபியாய்டு 0.96 சதவீதம். அதாவது எல்லை தாண்டி வரும் ஹெராயினுக்கு ஏறக்குறைய சமமாக நிற்பது, கம்பெனி முத்திரையோடு அட்டையில் வரும் மாத்திரை. இதற்குக் கடத்தல் பாதை தேவையில்லை. மருத்துவமனையும் மெடிக்கல் கடையும் அதிகமுள்ள மாநிலம் போதும். அந்தக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் எப்போதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே ஏற்பாடு செய்வது மலிவு. பஞ்சாப் அளவுக்கு வளர்ந்த பிறகு எந்தப் பிரீமியமும் தாங்காது.

அடுத்தது சட்டம். இங்கே காப்பீட்டுத் துறை ஒரு முரண்பாட்டின் மேல் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 21(4)-இல், உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டாளரும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதே சட்டம் மனநோய் என்பதை வரையறுக்கும்போது மது, போதைப்பொருள் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் சேர்த்துக்கொள்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் இந்தப் பிரிவைப் பின்பற்றும்படி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிறகு 2019 செப்டம்பரில் அதே ஆணையம் வெளியிட்ட விலக்குகளின் பொதுப் பட்டியலில் 12-ஆவது குறியீடாக மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் நிற்கின்றன. சட்டம் ஒரு கையால் கொடுத்ததைப் பாலிசிப் பத்திரம் மறு கையால் எடுத்துக்கொள்ளும் நிலை. அரசுத் திட்டங்களிலும் இதன் நிழல் விழுகிறது. ஆயுஷ்மான் பாரத் தொகுப்புகளில் போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளுக்கு உள்நோயாளிச் சிகிச்சை உண்டு; விலக்குப் பட்டியலிலோ புறநோயாளிச் செலவும் போதை மறுவாழ்வும் இருக்கின்றன. படுக்கைக்கு ஆம், வீட்டுக்குப் போன பிறகு இல்லை.

நீதிமன்றம் இந்த முடிச்சை அவிழ்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2021-இல் ஒரு பொதுத்துறை நிறுவனம் மனநோய்ச் சிகிச்சைக்கான க்ளெய்மை மறுத்த வழக்கில், டெல்லி உயர்நீதிமன்றம் 2017 சட்டத்தை மேற்கோள் காட்டிப் பணம் தரச் சொல்லிவிட்டது. 2019 விதிமுறைகளிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது: மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தால் ஒருவரின் அறிவுத்திறன் பாதிக்கப்பட்டதைக் காரணம் காட்டி விலக்கு எழுதக் கூடாது. நம் எலும்பு முறிவு நோயாளியின் மாத்திரை மருத்துவர் எழுதியதுதான், அந்த மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தது காப்பீடுதான். சிகிச்சையின் தொடர்ச்சியாக வந்த சிக்கலை ‘போதைப் பழக்கம்’ என்று முத்திரை குத்தித் தள்ளிவிடுவது சட்டப்படி தாங்குமோ இல்லையோ, நியாயப்படி தாங்காது. நிறுவனங்கள் தங்கள் மட்டத்திலேயே 12-ஆவது குறியீட்டின் கீழ் வரும் க்ளெய்மை மூத்த மருத்துவ அதிகாரி ஒருவர் பார்க்காமல் நிராகரிப்பதில்லை என்று விதி வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஆணையத்தின் அனுமதி தேவையில்லை.

படுக்கைக்கு மட்டும் பணம் தருவது போதாது என்பதைத் தாண்டி, இந்த நோயில் அது ஆபத்தும்கூட. பத்து, பதினைந்து நாள் உள்ளே வைத்து உடம்பிலிருந்து மருந்தை இறக்கி அனுப்பினால், குடும்பத்துக்குச் சரியாகிவிட்டது போலத் தெரியும். உடம்பின் தாங்கும் சக்தியோ அதற்குள் குறைந்திருக்கும். வெளியே வந்தவர் ஒரு பலவீனமான மாலையில் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு பல நாடுகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மாற்று மருந்தான மெதடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11.3 மரணம், விட்டு விலகியவர்களிடம் 36.1. இன்னொரு மாற்று மருந்தான புப்ரெனார்ஃபினில் 4.3-க்கு எதிராக 9.5. சிகிச்சையை விட்ட முதல் சில வாரங்களே மிக மோசமானவை. பிரான்ஸ் 1995 முதல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களும் புப்ரெனார்ஃபின் எழுதலாம் என்று திறந்துவிட்டு, அதன் செலவையும் அரசு மருத்துவக் காப்பீட்டில் ஏற்றது. நான்கு ஆண்டில் ஹெராயின் மிகை அளவு மரணங்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. மருந்து மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காப்பீடு எந்த இடத்தில் பணத்தை வைக்கிறதோ, நோயாளி அந்த இடத்துக்கு வருகிறார் என்பது தெளிவு.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா, அதற்கு நாம் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும் என்ற கேள்வி சிதம்பரத்திலும் வரும், சென்னையிலும் வரும். புப்ரெனார்ஃபின் எல்லா மெடிக்கல் கடையிலும் கிடைக்கும் மருந்தல்ல; அங்கீகாரம் பெற்ற மையம் வழியாக, மருத்துவர் கண்காணிப்பில், நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரையாகத் தரப்படுகிறது. ஒரு அளவுக்கு மேல் அதன் மயக்கம் அதிகரிக்காது. அதை எடுத்துக்கொண்டு ஒருவர் காலையில் வேலைக்குப் போய் மாலையில் சம்பளத்தோடு வீடு திரும்ப முடிகிறது என்பதே அதற்கும் ஊசிக்கும் உள்ள வித்தியாசம். சர்க்கரை நோயாளிக்கு ஆயுள் முழுக்க மாத்திரை தருவதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புகிறார்களே என்பதும் அதே வகை. சர்க்கரை ஏறியவரை மறுபடி சேர்த்துக்கொள்ளும் திட்டம், மாத்திரைக்குத் திரும்பியவரை மட்டும் ‘ஒருமுறை பார்த்தாகிவிட்டது’ என்று திருப்பி அனுப்புவதற்கு மருத்துவக் காரணம் கிடையாது. மனிதர்களைப் பற்றிய ஒரு தீர்ப்புதான் காரணம்.

முன்கூட்டியே தடுப்பதில் காப்பீட்டால் என்ன முடியும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்டு நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். குறுகிய நேரம் வேலை செய்யும் ஓபியாய்டுகள் இரண்டு மாதத்துக்குள் முப்பது நாளுக்கு மேல் தேவைப்பட்டால் முன் அனுமதி வாங்க வேண்டும். நீண்டகாலம் எடுப்பவர் ஒரே மருந்துக்கடையில் வாங்க வேண்டும். மருத்துவரும் நோயாளியும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். புற்றுநோயாளிகளுக்கும் இறுதிக் கட்ட நோயாளிகளுக்கும் விலக்கு. மூன்று ஆண்டில் இந்த மருந்துகளை எழுதுவது சுமார் 15 சதவீதம் குறைந்தது, கிட்டத்தட்ட 2.1 கோடி அளவு மருந்து குறைவாக வெளியே போனது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை அப்படியே கடலூருக்கு இறக்குமதி செய்ய முடியாது: அங்கே மாத்திரைக்குக் காப்பீடு பணம் கொடுத்தது, அதனால் தடுக்கவும் முடிந்தது. இங்கே மாத்திரைக்குக் கைக்காசு. ‘அப்ரூவல் இல்லை’ என்று சொன்னால் நோயாளி நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். நம்மிடம் உள்ள கைப்பிடி டிஸ்சார்ஜ் சீட்டு. அறுவை சிகிச்சைக்கான பில்லை அனுமதிக்கும் முன், சீட்டில் ஓபியாய்டு இருந்தால் எத்தனை நாள், எப்போது நிறுத்துவது, மறுபார்வை எந்தத் தேதியில் என்ற மூன்று விவரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று மருத்துவமனைகளிடம் கேட்கலாம். மருத்துவமனைகள் முணுமுணுக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். இதுவரை எத்தனையோ படிவம் பழகிய கூட்டம்தானே.

இதில் ஒரு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். தணிப்புச் சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதே இந்தியாவில் பெரும்பாடு. அதைச் சற்று இலகுவாக்கத்தான் 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. காப்பீட்டு அதிகாரி ஒருவர் ஓபியாய்டு என்று பார்த்ததும் சிவப்புக் கோடு போடத் தொடங்கினால், பரங்கிப்பேட்டையில் வலியில் துடிக்கும் ஒரு முதியவருக்கு மருத்துவர் எழுதவே தயங்குவார். ஏற்கெனவே நெடுநாள் எடுத்துவருபவரின் மருந்தைத் திடீரென நிறுத்துவதும் அதே அளவு தவறு. திடீர் நிறுத்தம் கடும் வேதனையையும் தற்கொலை எண்ணத்தையும் தரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் எச்சரித்தது. கட்டுப்பாடுகள் அதிகமான பின் மருத்துவர்கள் நோயாளிகளைக் கைவிட்ட பிறகுதான் அந்த எச்சரிக்கை வந்தது. எனவே தணிப்புச் சிகிச்சையை இந்த ஏற்பாட்டிலிருந்து வெளிப்படையாக விலக்கி எழுத வேண்டும். மற்றவர்களுக்கும் ‘நிறுத்து’ என்பதற்குப் பதில் ‘மறுபடி வந்து பார்’ என்பதே உத்தரவாக இருக்க வேண்டும்.

நோயாளி ஏன் வாயைத் திறப்பார் என்பது எல்லாவற்றையும்விடக் கடினமான மறுப்பு. சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு நிர்வாகத்தின் பயம், இளைஞருக்குப் போலீஸ் பயம், பெண்ணுக்கு இரண்டு வீட்டுச் சொந்தத்தின் பயம். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் அட்டைதாரர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? குழுக் காப்பீடு நடத்தும் நிறுவனம், எந்த ஊழியர் எந்தச் சிகிச்சை எடுத்தார் என்ற விவரத்தை முதலாளிக்குத் தருவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோயாளிக்குப் போன் செய்பவர், க்ளெய்ம்களைக் கையாளும் டிபிஏ அலுவலகத்தின் விசாரணைப் பிரிவாக இருக்கக் கூடாது. ஒரு செவிலியரோ ஆலோசகரோ ‘கால் எப்படி இருக்கு அண்ணே, மாத்திரை இன்னும் போடுறீங்களா’ என்று கேட்கும் போனாக இருக்க வேண்டும். நேரில் பேச விரும்பாதவருக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணும் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும் டிஸ்சார்ஜ் சீட்டின் அடியிலேயே அச்சாகலாம். அச்சுச் செலவு என்ன ஆகிவிடப் போகிறது.

அனுப்பிவைக்க இடம் வேண்டுமே என்றால், மாவட்டம் வெறுங்கையாக இல்லை. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை உண்டு. அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து அரசு வசம் வந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஜிப்மர். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை நாற்பதாண்டுக்கும் மேலாகக் குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சை தருகிறது. 2025-இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. எங்கே தொடங்குவது என்றால், இஎஸ்ஐயில் தொடங்கலாம். புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் அதன் உரிமைகளில் ஏற்கெனவே இருப்பதால், அங்கே புதுச் சட்டமோ புதுத் தொகுப்போ தேவையில்லை; டிஸ்பென்சரி மருத்துவருக்கு ஒரு நாள் பயிற்சியும், மனநலப் பிரிவுக்கு அனுப்பும் முறையும் போதும். என்எல்சி மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

முதலமைச்சர் திட்டத்தில்தான் பேரம் பேச வேண்டியிருக்கும். வீட்டுக்குப் போன பிறகும் பணம் தருவது காப்பீட்டின் இலக்கணத்துக்கே ஒவ்வாது என்று அங்கே சொல்வார்கள். 2012-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோதே 1,016 சிகிச்சைகளோடு 113 தொடர் சிகிச்சைகளும் 23 பரிசோதனைகளும் பட்டியலில் இருந்தன. ஆகவே தேவை, இருக்கும் தலைப்பின் கீழ் இன்னொரு வரி: ஓபியாய்டு சார்ந்த நோய்க்கு ஓராண்டுத் தொடர் சிகிச்சை, முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை மருத்துவர் பார்வை, மருந்து, சிறுநீர்ப் பரிசோதனை, குடும்பத்தோடு ஆலோசனை, பாதியில் விட்டவர் திரும்பி வந்தால் அதே தொகுப்பில் தொடர அனுமதி. பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், நோயாளி மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் சிகிச்சையில் இருக்கிறாரா என்று பார்த்துப் பகுதி பகுதியாகக் கொடுத்தால், சேர்த்த கணக்கைக் காட்டிப் பில் போடும் மையங்கள் தாமாகவே விலகிக்கொள்ளும். யுனைடெட் இந்தியா போன்ற காப்பீட்டு நிறுவனத்தோடு அடுத்த ஒப்பந்தம் போடும்போது, டெண்டர் ஆவணத்தின் தொகுப்புப் பட்டியலில் இந்த வரி சேர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால், அடுத்த முறை பார்க்கலாம் என்ற பதில்தான் வரும்.